ஐயாவின் குரல்

போன் அடித்தபோது கமலவேணியின் இரண்டு கையிலும் முட்டை அட்டைகள் இருந்தன. ஷெட் நீளத்துக்கும் கோழிகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்ததால் முதல் தடவை அடித்தது அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை இடுப்பில் அதிர்ந்தது. அட்டைகளைத் தள்ளுவண்டியில் இறக்கி வைத்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். திரையில் வந்த பெயரைப் பார்த்ததும் யாரிடமும் சொல்லாமல் ஷெட்டுக்கு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். இந்தப் போன் ஒருநாள் வரும் என்றுதான் அந்த எண்ணை அழிக்காமல் வைத்திருந்தாள்.

“கண்ணு, நல்லா இருக்கறயா? நம்ம பிரகாசு எப்படி இருக்கறான்?”

சுவாமிநாதன் ஐயாவின் குரல். அடித்தொண்டையிலிருந்து வெதுவெதுப்பாக வரும் குரல் அது. கேட்பவரின் தோளில் கை போட்டது போல இருக்கும். சேலம் தாண்டி ‘அன்புக்கூடு’ என்று ஒரு இல்லம் நடத்துகிறார். மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகள் எல்லாம் அங்கே இருந்தார்கள்.

“நல்லா இருக்கறானுங்க ஐயா.”

“வார ஞாயித்துக்கெழமை சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு விழா கண்ணு. எனக்கு சேவைச் செம்மல்னு பட்டம் குடுக்கறாங்களாம். எனக்கெதுக்குங்க பட்டம்னு சொன்னா கேக்க மாட்டீங்கறாங்க. பிரகாசு வந்து மேடையில நின்னான்னா அதுதான் எனக்குப் பட்டம். அவன்தான நம்ம இல்லத்துக்கே மொகம். ஒரு நாளைக்கு அனுப்பி வெய்யி. வண்டி அனுப்பறேன்.”

“வண்டியெல்லாம் எதுக்குங்க. நானே கூட்டிட்டு வாரேனுங்க.”

போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். உள்ளே போய், விட்டுவந்த வரிசையிலிருந்து முட்டை எடுக்கத் தொடங்கினாள். அன்று ஒரு முட்டைகூட அவள் கையில் உடையவில்லை.

தம்பி சிவபிரகாஷ் பிறந்தபோது அவள் ஆறாம் வகுப்பில் இருந்தாள். அம்மா சின்னாயி காட்டு வேலைக்குப் போனதால் தம்பியை இடுப்பில் தூக்கித் திரிந்தது அவள்தான். நாலைந்து வயதுவரை அவன் வாயே திறக்கவில்லை. ஊமை என்று முடிவு கட்டியிருந்தார்கள். ஒருநாள் காலையில் உப்பு வண்டிக்காரன் தெருவைத் தாண்டிப் போய் வெகு நேரமான பிறகு, வாசலில் மறுபடியும் உப்பு வண்டிக்காரனின் கூவல் கேட்டது. அதே இழுப்பு, கூவலுக்கு நடுவே அதே கோழை இருமல். சின்னாயி உப்பு அளக்கிற படியோடு ஓடி வந்து பார்த்தால் வண்டியில்லை. பிள்ளைதான் நின்றுகொண்டிருந்தான்.

காதில் விழுந்த எதுவும் அவனை விட்டுப் போகாது. முதல் வரியை எடுத்துக் கொடுத்தால் போதும், என்றைக்கோ கேட்டதை அந்தந்த ஆள் குரலிலேயே, இடையில் குரைத்த நாயோடு சேர்த்துச் சொல்லிவிடுவான். ஆட்டிசத்தோடு சிலருக்கு மட்டும் இப்படி ஒரு அபூர்வத் திறமை வரும், அவர்களை சாவன்ட் என்பார்கள் என்று சேலத்தில் ஒரு டாக்டர் சொன்னார். அவர் சொன்னதையும் அவன் அவர் குரலில் வைத்திருந்தான். ஆனால் தன் தேவையைச் சொல்லச் சொந்தமாக ஒரு வாக்கியம் அவனிடம் இல்லை. தாகமெடுத்தால் “தண்ணி குடிக்கறயா சாமி?” என்று அம்மா குரலில் கேட்பான். பசித்தால் “சோறு உங்கறயா?” சின்னாயி செத்துப்போன பிறகும் அந்த வீட்டில் தினமும் சின்னாயியின் குரல் பிள்ளைக்குச் சோறு கேட்டது. அடுப்படியில் நிற்கும் கமலவேணி முதலில் சில நாள் கரண்டியைக் கீழே போட்டாள். பிறகு பழகிவிட்டது.

அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்த காலத்தில்தான் அவனை அன்புக்கூட்டில் விட நேர்ந்தது. புருஷன் ராசப்பன் போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போனால் வருவதற்கு மாதங்கள் ஆகும். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. ஐயா அவனைப் பார்த்த அன்றே அவனுடைய அருமையைக் கண்டுகொண்டார். மேடை மேடையாகக் கூட்டிப் போனார். வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் முன்பின் தெரியாத ஒரு பெண் தன் போனில் பிரகாசைக் காட்டி அதிசயப்பட்டபோது, “எந்தம்பிதானுங்க” என்று கமலவேணி பெருமையாகச் சொன்னாள். ஐயாவின் சம்சாரம் அமுதவல்லி அம்மா தன் கையால் அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிற படமும் அந்த வீடியோவில் இருந்தது. அதைப் பார்த்துச் சின்னாயி படுக்கையிலிருந்தே கும்பிட்டாள்.

அம்மாவின் காரியம் முடிந்து அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது பாதி ஆளாக இருந்தான். குளியலறைக்குள் போகமாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். முதுகில் கோடு கோடாகத் தழும்பு. முள்வேலியில் விழுந்துவிட்டான் என்றார்கள். நம்பினாள்.

சித்திரை வெயிலில் ஒரு நாள், வீட்டு வாசலில் இருந்த தரைத் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது என்று கொத்தனாரை வரச் சொல்லியிருந்தாள். பிரகாஷ் படியில் உட்கார்ந்து தயிர்ச்சோறு தின்றுகொண்டிருந்தான். கொத்தனார் தன் ஆட்களைப் பார்த்து, “மூடியத் தூக்குங்கடா” என்றார். தட்டு உருண்டு போய் வாசலில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் பிரகாஷ் முழங்காலை நெஞ்சோடு கட்டிச் சுவரோரம் ஒடுங்கியிருந்தான். அவன் வாயிலிருந்து ஐயாவின் குரல் வந்தது. ஆனால் கமலவேணி அதுவரை கேட்காத ஐயா.

“மூடியத் தூக்குங்கடா. எறங்குடா உள்ள. எறங்குடா நாயே. நான் போன்ல பேசறதெ எடுத்து, நன்கொடை குடுக்க வந்தவங்கிட்டயே பாடுவயா நீ? கெழட்டுப் பயன்னு அவனெச் சொன்னேன். அதெ அவன் மூஞ்சிக்கு முன்னாலயே சொல்றயா? வயரெ எடுங்கடா.”

பிறகு காற்றைக் கிழிக்கிற சத்தம். அதையும் அவனே நாக்கால் எழுப்பினான். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் முதுகு தூக்கிப் போட்டது. கமலவேணி ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினாள். உள்ளங்கையில் பல் பதிந்தது. எடுக்கவில்லை. கொத்தனாரும் ஆட்களும் போனபிறகும் அப்படியே பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் அடங்கினான். ஆனால் காய்ச்சல் வந்து பல நாள் கண் திறக்காமல் கிடந்தான்.

அவனுக்கு நினைத்துப் பார்ப்பது என்று ஒன்று கிடையாது. சொல்லத் தொடங்கினால் அந்த இடத்தில், அந்த வேளையில், அப்படியே போய் நிற்கிறான். அது அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

காய்ச்சல் விட்டதும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கிருந்த எழுத்தர் எல்லாவற்றையும் கேட்டார். தழும்பையும் பார்த்தார். “ஏம்மா, இவன் சொல்றதெல்லாம் சாட்சியா? நாளைக்கு என் குரல்லயும் எதாச்சும் பேசுவான். அப்ப என்னையும் உள்ள வெச்சுருவயா?” என்றார். பிரகாஷ் அதை உடனே அவர் குரலில் திருப்பிச் சொன்னான். ஸ்டேஷனே சிரித்தது. பேனா மூடியை மூடிவிட்டு அவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு வெளியே வந்த கமலவேணி வேறு ஆளாக இருந்தாள். கேஸ், நியாயம், தீர்ப்பு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த ஆள் நாலு பேர் பார்க்க அம்மணமாக நிற்க வேண்டும். மாலை போட்ட கழுத்தோடு நிற்க வேண்டும். கோழிக்குத் தீவனம் அள்ளும்போதும், சாணி மெழுகும்போதும், தம்பிக்குத் தலை துவட்டும்போதும் அந்த ஒரு காட்சியைத்தான் அவள் மனசு உருட்டிக்கொண்டிருந்தது. ஐயாவிடம் ஒரு வார்த்தை காட்டிக்கொள்ளவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவளே போன் செய்து, “நல்லா இருக்கறீங்களாங்க ஐயா?” என்று விசாரித்தாள்.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் ராசப்பன் ரிக் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே போனில் பேசினான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எஞ்சின் சத்தம் தேயுமளவு அவன் தள்ளி நடந்து போனான்.

“அந்தாளு நாசமாப் போவட்டும். ஆனா நீ பிரகாசெ மறுக்கா அந்தத் தொட்டிக்குள்ள எறக்கப் போறயா?”

“ஒருக்கா. ஒரே ஒருக்காத்தான். ஒடனே வாயெப் பொத்திருவேன்.”

“அவனுக்கு ஒருக்கா, ரெண்டு தடவைங்கறதெல்லாம் இருக்குதா கமலா?”

அவள் போனை வைத்துவிட்டாள். அது அவளுக்குத் தெரியாததா என்ன. தெரிந்துதான் தம்பியின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

மண்டபம் குளிரூட்டப்பட்டது. முன்வரிசையில் ஜவுளிக்கடைக்காரர்கள், டாக்டர்கள், மில் முதலாளிகள், பட்டுச்சேலைப் பெண்கள். மேடையில் ஐயா சந்தன நிற ஜிப்பாவில் இருந்தார். கழுத்தில் ஏலக்காய் மாலை. பக்கத்து நாற்காலியில் அமுதவல்லி அம்மா மடியில் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தாள். பிரகாஷைக் கண்டதும் ஐயா எழுந்து வந்து தோளில் கை போட்டார். போட்ட இடத்தில் பிரகாஷின் தோள் ஈரத்துணி போலத் தொங்கியதைக் கமலவேணி பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நிகழ்ச்சியைத் தொகுத்த இலக்கியா என்ற பெண் சபையிலிருந்து ஒருவரைப் பேசச் சொன்னாள். ஒரு ஜவுளிக்கடைக்காரர் எழுந்து, ஆடித் தள்ளுபடி பற்றி இஷ்டத்துக்குப் பேசி, நடுவில் தும்மி, மூக்கைத் துடைத்து, மீண்டும் பேசி உட்கார்ந்தார். பிரகாஷ் அதை வரி பிசகாமல் திருப்பினான். தும்மல் வந்த இடத்தில் தும்மல் வந்தபோது மண்டபமே எழுந்து கைதட்டியது. ஐயா கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இந்தக் கொழந்தைக என் கடவுளுங்க” என்று மைக்கில் சொன்னார். “கடவுளெ நாம காப்பாத்தறதாச் சொல்லக்கூடாது. அதுக நம்மளெக் காப்பாத்துது.”

“அக்கா ரெண்டு வார்த்தை பேசுங்க” என்று இலக்கியா மைக்கை நீட்டினாள்.

கமலவேணி வாங்கினாள். சபையைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாள். அவன் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தான். சந்தோஷமாக இருக்கும்போது அப்படி ஆட்டுவான். அந்த ஒரு கணம் அவள் மைக்கைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். பக்கத்தில் ஐயாவின் ஏலக்காய் மாலை மணத்தது.

“மூடியத் தூக்குங்கடா” என்றாள்.

விரல்கள் நின்றன. பிரகாஷ் நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்தான். மைக்கை அவன் வாயருகே பிடித்தாள்.

“எறங்குடா உள்ள. எறங்குடா நாயே.”

சபை கொல்லென்று சிரித்தது. “ஐயாவெ அப்படியே சொல்றான் பாருங்க” என்று யாரோ சொல்ல, கைதட்டல் எழுந்தது. ஐயாவும் சிரித்தார். கமலவேணிக்கு ரத்தம் தலைக்கேறியது. இத்தனை நாள் உருட்டிய காட்சியில் இந்தக் கைதட்டல் இருக்கவில்லை. தம்பி நரகத்தில் இருக்கிறான், இவர்கள் மிமிக்ரி பார்க்கிறார்கள். கெழட்டுப் பயல் வரி வந்தது. அதற்கும் சிரித்தார்கள். மேடையில் சிறப்பு விருந்தினராக இருந்த வயதான டாக்டர் மட்டும் சிரிப்பை நிறுத்தினார். வயர் காற்றைக் கிழிக்கிற சத்தமும், அதற்குத் தூக்கிப் போடுகிற முதுகும் அவருக்கு நேர் எதிரே இருந்தன.

அப்போதுதான் அவன் வாயிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. கமலவேணியே அதைக் கேட்டதில்லை. அன்று அவள் வாயைப் பொத்திய இடத்துக்கு அப்பால் இருந்த குரல். நிதானமான, வீட்டுக் காரியம் சொல்வது போன்ற குரல்.

“மூஞ்சியில வேண்டாங்க. நாளைக்குப் பாக்க ஆளுக வாராங்க. முதுகுலயே போடுங்க. சட்டை போட்டா மறைஞ்சுரும்.”

அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கெல்லாம் அது யாருடையது என்று தெரிந்தது. சற்று முன்தான் அதே குரலில் அமுதவல்லி வரவேற்புரை சொல்லியிருந்தாள். முன்வரிசையில் சிரிப்பு அறுந்தது. பின்வரிசை ஒன்றிரண்டு நொடி தனியே சிரித்துவிட்டு அடங்கியது. அமுதவல்லி பூங்கொத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

யாரோ மைக்கை அணைத்தார்கள். பிரகாஷுக்கு மைக் தேவைப்படவில்லை. ஐயா இரண்டே எட்டில் வந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினார்.

“நிறுத்துடா. வாயெ மூட்ரா நாயே.”

பிரகாஷ் சொல்லிக்கொண்டிருந்தான்: “கத்தறயா? வாயெ மூட்ரா நாயே.”

இரண்டும் ஒன்றாகக் கேட்டன. ஒரே சுருதி, ஒரே எச்சில் தெறிப்பு. எது மேலே நிற்பவருடையது, எது கீழே கிடப்பவனுடையது என்று பிரிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஐயா காலரை விட்டுவிட்டுச் சபையைத் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ போன்கள் அவரை நோக்கி உயர்ந்திருந்தன. உதடு ஏதோ பேச முயன்றது. வெதுவெதுப்பான குரலைத் தேடினார், அது வரவில்லை. மாலை ஒரு பக்கமாக இறங்கியிருந்தது.

கமலவேணி அந்த முகத்தைக் கண் கொட்டாமல் பார்த்தாள். வெகு நாள் பட்டினி கிடந்தவள் சோற்றைப் பார்ப்பது போல, ஒரு பருக்கை சிந்தாமல் பார்த்தாள். நெற்றி வேர்வை, துடிக்கிற தாடை, கண்ணில் ஏறுகிற பயம் எல்லாவற்றையும் உள்ளே இறக்கிக்கொண்டாள். தித்திப்பாக இருந்தது. அதில் அவளுக்கு வெட்கமில்லை.

அமுதவல்லி கிட்டே வந்து தாழ்ந்த குரலில், “என் கையால சோறு போட்டனேம்மா அவனுக்கு” என்றாள்.

“ஆமாங்க. சோறும் போட்டீங்க. முதுகுலயும் போட்டீங்க.”

டாக்டர் தன் கையிலிருந்த பட்டயத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். “இன்னைக்கே ஆள் அனுப்புங்க. அங்க இன்னும் பிள்ளைங்க இருக்காங்க.” அதைக் கேட்டபோதுதான், அந்தப் பிள்ளைகளைப் பற்றித் தான் ஒரு நாளும் நினைக்கவில்லை என்பது கமலவேணிக்கு உறைத்தது.

பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் தன் ஈரத்திலேயே கிடந்தான். முதுகு இன்னும் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. மண்டியிட்டு வாயைப் பொத்தினாள். இந்தத் தடவை அவன் கடிக்கவில்லை, அடங்கவுமில்லை. விரல் இடுக்குகளுக்குள்ளே சொல்லிக்கொண்டே இருந்தான்.

காரில் கொண்டுபோய் விடுவதாக ஒரு அம்மாள் வந்து சொன்னாள். டாக்டர் தன் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். யார் கையும் தம்பி மேல் படக்கூடாது என்று இருந்தது அவளுக்கு. புது பஸ் ஸ்டாண்டு கழிவறையில் அவனுக்கு வேட்டி மாற்றி, நாமக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தாள். பஸ் கிளம்பியது. அவன் குரல் தணிந்திருந்தது, நிற்கவில்லை. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

“ஏனுங்க, தம்பிக்கு என்னாச்சுங்க?”

“ஒடம்பு செரியில்லீங்க.”

மல்லூர் தாண்டும்போது ஐயாவும் அமுதவல்லியும் அவன் வாயிலிருந்து போய்விட்டார்கள். செருப்புச் சத்தம் தேய்ந்தது. கனமான ஒன்று சிமெண்டின் மேல் இழுபடும் சத்தம். பிறகு காக்கை. எங்கோ தொலைவில் லாரி ஹாரன். இல்லத்துப் பிள்ளைகள் சேர்ந்து பாடுகிற பிரார்த்தனை, மூடியின் மேலிருந்து கேட்பது போல மங்கலாக. முடிந்துவிட்டது என்று கமலவேணி மூச்சு விட்டாள். சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

“அக்கா.”

கண்ணைத் திறந்தாள். இது யார் குரலும் இல்லை. அவன் குரல். இவ்வளவு வயதில் அவன் தன் குரலில் அவளை ஒரு தடவை கூப்பிட்டு அவள் கேட்டதில்லை.

“என்ன சாமி? இங்கதான இருக்கறேன்.”

அவன் பதில் சொல்லவில்லை. அன்றைக்குத் தொட்டிக்குள் எவ்வளவு நேரம் காத்திருந்தானோ அவ்வளவு நேரம் இப்போதும் காத்திருந்தான்.

“அக்கா.”

“வந்துட்டேன் சாமி. அக்கா வந்துட்டேன்.”

அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அது வெறுமனே கிடந்தது. ஆண்டகளூர் கேட்டில் பஸ் நின்றது. வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவள் ஜன்னலில் கூடையை நீட்டி, உள்ளே பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டாள். முன் சீட்டில் இருந்தவர்கள் யாரும் திரும்பவில்லை.

“அக்கா.”

“இங்க பாரு. இந்தா, அக்கா பாரு.”

ஒவ்வொரு தடவைக்கும் அவள் பதில் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவன் அந்தப் பதிலைத் தாண்டி, தன் காத்திருப்பைக் காத்திருந்து முடித்து, மறுபடியும் கூப்பிட்டான். வெளியே வெயில் கரட்டுக் குன்றின் மேல் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. பிரகாஷ் அதைப் பார்க்கவில்லை. அண்ணாந்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, பஸ்ஸின் தகரக் கூரையில் ஏதோ ஒரு சின்ன ஓட்டையிலிருந்து வெளிச்சம் விழுவது போல அந்த ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.